முகத்தை மறைத்தால் போதுமா? இலங்கையின் வடக்கில் சாட்சியம் எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் ஒரு பெடியன் தன் முதல் நேர்காணலைக் கொண்டுவந்து காட்டினான். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயோடு பேசியிருந்தான். "பயப்பிடாதேங்கோ அண்ணை, முகத்தை மங்கலாக்கிட்டன்" என்றான். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது. அதில் பாதி என்மீதே.

சார்ஜ் போட மறப்பது, பெயரைப் பிழையாக எழுதுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை இரண்டாம் தடவையே திருந்திவிடும். நாங்கள் விடும் பிழைக்கு வேறொருவர் விலை கொடுக்கும் இடங்கள்தான் என் கவலை.

நீங்கள் போன பிறகு வருகிறவர்கள்

2009 மே மாதம் சண்டை ஓய்ந்தது. கேள்வி கேட்கிற புலனாய்வுக்காரர் ஓயவில்லை. சிவில் உடுப்பில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். சத்தம் போடமாட்டார்கள், தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பார்கள். "ஆர் வந்தது? என்ன கேட்டவை?" அவ்வளவுதான். போகும்போது வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு போவார்கள். பிறகு அழைப்பு வராவிட்டாலும், ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அந்த வீடு திடுக்கிடும்.

போர் முடிந்து சில வருடங்களில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தாயின் வீட்டுக்குப் போனேன். பெயரை மாற்றினேன், ஊரை எழுதவில்லை. படத்தில் கழுத்துக்குக் கீழே மட்டும்தான் எடுத்தேன். சேலை மடியில் மகனின் படத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தா. லமினேட் செய்த படம். ஒரு மூலையில் தண்ணீர் புகுந்து ஊதாவாகியிருந்தது. அந்த ஊதா மூலை எனக்குப் பிடித்துப்போனது. கமராவை அதில்தான் குவித்தேன். தாயின் முகம் இல்லை, மகனின் முகம் அச்சொட்டாக இருந்தது. வெளிவந்த அன்று பெருமையாக வேறு இருந்தது.

நாலாம் நாள் வந்தவர்கள் தாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. படலையில் நின்று மகனின் பெயரைச் சொன்னார்கள். பிள்ளையைப் பற்றி ஏதோ சேதி வந்திருக்கிறது என்று அவ அடுப்படியிலிருந்து ஓடிப் போயிருக்கிறா.

இதை எனக்குச் சொன்னது மகள். திரும்ப நான் போனபோது அவதான் படலைக்கு வந்தா. "அம்மா உள்ளுக்கு இருக்கிறா. வரமாட்டா."

நான் யோசிக்காமல் விட்டது இதுதான். அந்தத் தாய்மார் அதே படத்தின் பிரதியைப் பொலிஸுக்கும் மனித உரிமை ஆணைக்குழுவுக்கும் கொடுத்திருப்பார்கள். 2010இல் ஒரு ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2018இலிருந்து காணாமல் போனோர் அலுவலகம் என்று போன இடமெல்லாம் அந்தப் படத்தோடுதான் போனார்கள். எத்தனை கோப்புகளில் அது ஒட்டியிருக்கும்! அப்படிப்பட்ட படம் ஒரு விலாசம்.

"கிளிநொச்சியில 2017இல இருந்து அம்மாக்கள் தெருவோரத்தில படத்தோட இருந்தவைதானே?" என்று அந்தப் பெடியன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அது அவர்கள் சேர்ந்து, பகிரங்கமாக எடுத்த முடிவு. தனி வீட்டுக்குள் மெதுவாகப் பேசுகிறவ அந்த முடிவை எடுக்கவில்லை. அவவுக்காக நான் எடுத்துவிட்டேன்.

ஆகவே முகத்தை மறைத்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. கையைப் பாருங்கள், சுவரைப் பாருங்கள். வீட்டுத்திட்ட இலக்கம் தெரிகிறதா? பின்னால் கோயில் தெரிகிறதா? குரலை வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும். கடைசியாக அவவிடமே கேளுங்கள்: "இது வெளியில வந்தா ஆர் வருவினம் அம்மா?" உங்களைவிட அவவுக்கு நன்றாகத் தெரியும்.

மோட்டார் சைக்கிள்

உங்களுடையதைப் படலைக்கு முன்னால் விடாதீர்கள்.

எல்லாரையும் 'அவங்கட ஆள்' என்பது

புதிதாக வருகிறவர்களுக்கு இது ஒரு போதை. முன்பள்ளி ஆசிரியைக்குப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுக்கிறது, ஆகவே அவ உளவாளி என்பார்கள். வன்னியில் அந்தச் சம்பளத்துக்குப் போன பலருக்கு வேறு வேலை இருக்கவில்லை. புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளிகள் ஏறக்குறைய 12,000 பேரின் நிலை இன்னும் மோசம்: கண்காணிக்கப்படுகிறவர்களும் அவர்கள்தான், காட்டிக்கொடுப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறவர்களும் அவர்கள்தான். தேநீர்க் கடையில் நீங்கள் விடும் ஒரு சொல் அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கு ஊரில் ஒருவரும் போகாமல் செய்துவிடும். அயலை அயல் நம்பாமல் போனால் கண்காணிக்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து

விசாரணைக்கு வாயால் கூப்பிட்டால் எழுத்தில் கேளுங்கள். போனால், பேசியதைச் சிங்களத்தில் எழுதி "சும்மா ஒரு சைன்" என்பார்கள். அந்தச் சும்மாவை நம்பவேண்டாம். தற்காலிகம் என்று 1979இல் வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. தமிழில் எழுதச் சொல்லுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். அந்தச் சட்டத்தில் கைது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமை ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதற்கு அலுவலகம் இருப்பது உங்களுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை, வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

மே 18, நவம்பர் 27

முன்னது முள்ளிவாய்க்கால் நினைவு நாள், பின்னது மாவீரர் நாள். அந்தக் கிழமைகளில் புது வீடு எதற்கும் போகவேண்டாம்.

தொலைபேசியில் பெயர்

'காணாமல் போனவரின் அம்மா' என்று சேமித்து வைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும். என்னுடையதில் எல்லாரும் மேசன்மார். ஒருமுறை அதைத் தட்டிப் பார்த்த ஒருவர் கேட்டார், "இவ்வளவு மேசன்மாரோ? வீடு கட்டுறீங்களோ?"

"ஓம், இன்னும் முடியேல்லை" என்றேன்.