80 லீற்றர் தொட்டியில் 10 கிலோ மீன் நிற்காது

வவுனிக்குளத்திலோ இரணைமடுக் குளத்திலோ விடிய வலை இழுக்கிற எவருக்கும் துடிக்கிற மீனுக்கு ஒரு விலை, செத்த மீனுக்கு வேறு விலை என்று தெரியும். இருந்தும் வெட்டின நீலப் பரலுக்குள் ஜப்பான் மீனை (திலாப்பியாவை) அள்ளிப் போட்டுவிட்டு, அலைகரைக்கு வருமுன் பாதி மல்லாந்து மிதந்தால் பழியை வெயிலில் போட்டுவிட்டுப் போகிறோம். வெயிலுக்கும் பங்குண்டு, ஆனால் முதல் பிழை கணக்கில்.

மீனை உயிரோடு கொண்டுவர வள்ளத்தில் வைக்கிற தொட்டியை எடுங்கள். நீளம் 100, அகலம் 40, ஆழம் 30 சென்ரிமீற்றர் பெட்டி, ஆகவே 120 லீற்றர் என்பார்கள். தண்ணீர் வழியும் துளை 20 சென்ரிமீற்றரில் இருந்தால் உள்ளே நிற்பது 80 தான், அதுவும் வள்ளம் நேராக நிற்கும்போது. மோட்டரின் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தால் அதுவும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். இன்னொன்று, 80 லீற்றர் என்பது 80 கிலோ, வள்ளத்தில் இன்னொரு ஆளை ஏற்றினது போல. சின்ன வள்ளத்தில் அந்த ஆள் சும்மா இருக்கவும் மாட்டார், திரும்பும்போதெல்லாம் பக்கம் மாறுவார். துளைபோட்ட பலகை ஒன்றை நடுவில் தடுப்பாக வைத்தால் அலை அடங்கும்.

சரி, எத்தனை மீன் போடலாம்? அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கிற படகுகளில் இப்படியான தொட்டியை, லைவ்வெல் என்பார்கள், படகோடு சேர்த்தே செய்கிறார்கள். அங்கே பழைய கணக்கு ஒரு கலனுக்கு ஒரு இறாத்தல், அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய 8 லீற்றர், 80 லீற்றரில் 10 கிலோ. குளிர்ந்த தண்ணீருக்கு அது சரிவரும். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஒட்சிசன் 9 மில்லிகிராம் அளவு, 30 பாகையில் ஏழரை. குறைந்தது கொஞ்சந்தானே என்று நினைக்கவேண்டாம், அதே 10 பாகை ஏற்றத்தில் மீனுக்குத் தேவையான ஒட்சிசன் இரண்டு மடங்கு ஆகிவிடும். கச்சான் காற்று அடிக்கிற வெக்கைக் காலத்தில் நான் கிலோவுக்கு 15 லீற்றருக்குக் குறைய விடுவதில்லை, அந்த 80 லீற்றரில் ஐந்து கிலோ, மிஞ்சினால் ஐந்தேகால்.

பற்றரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று மீன் வாய் பிளந்து மேலே வந்த பிறகு ஒட்சிசன் ஊட்டுகிற பம்பைப் போடுவது பெரிய மடத்தனம், முதல் மீன் விழும்போதே ஓடவேண்டும். 3 அம்பியர் இழுக்கிற பம்ப் ஐந்து மணித்தியாலம் ஓட 15 அம்பியர்-மணி வேண்டும், மோட்டார் சைக்கிள் பற்றரி அதற்குத் தாங்காது. தண்ணீரையும் கரையோரம் மிதக்கிற சல்வீனியாச் செடிக்குள் அள்ளாதீர்கள், விடியற்புறத்தில் அங்கேதான் ஒட்சிசன் ஆகக் குறைவு. நடுக்குளத்துக்குப் போய் அள்ளுங்கள்.

ஐஸ் போடுவதிலும் கவனம். குழாய்த்தண்ணீரில் செய்த ஐஸ் என்றால் குளோரின் கரைந்து செவுளைச் சுடும், பாளமாக ஒரேயடியாகக் கொட்டினால் குளிர் அதிர்ச்சியிலேயே மீன் போய்விடும். சோடாப் போத்தலில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிட்டு, மொத்தமாக நாலைந்து பாகைக்கு மேல் இறங்காமல் பாருங்கள். 80 லீற்றருக்குக் கால் கிலோ கல்லுப்புப் போட்டால் மீனின் களைப்புக் குறையும், ஆனையிறவு உப்பே போதும். செத்ததை உடனே எடுங்கள். உலர்ந்த சாக்கால் மீனைப் பிடிக்காதீர்கள், உடம்பின் வழுவழுப்பு போனால் மீன் தப்பினாலும் நாளைக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

விரால் மட்டும் தனிக்கதை. தண்ணீர் கூடினால் நல்லதுதானே என்று ஒருமுறை வாளி முட்ட நிரப்பி மூடியை அழுத்தி மூடினேன், பரந்தனுக்கு வருமுன் உள்ளே இருந்த மூன்று விராலும் முடிந்துவிட்டன. மூன்றும் மூச்சுமுட்டிச் செத்திருந்தன, தண்ணீருக்குள்ளேயே! விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கவேண்டும், செவுள் மட்டும் அதற்குக் காணாது. அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு, மூடியில் துளையும் போடுங்கள், அப்புறம் அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே துள்ளலில் திரும்பக் குளத்துக்குள் போய்விடும்.