விலை குறைந்த ரெட் ஒயின்: ருசியைக் கெடுக்கும் தவறுகள்

விலை குறைந்த ரெட் ஒயின் என்றாலே கசக்கும், நெடி அடிக்கும் என்று ஒதுக்குகிறவர்கள் நிறைய. சில பாட்டில்கள் அப்படித்தான். ஆனால் பல நல்ல ஒயின்கள் நாம் குடிக்கிற விதத்தால்தான் கெட்ட பெயர் வாங்குகின்றன.

சூடுதான் பெரிய பிரச்சினை. ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது ஹீட்டர் வசதி வருவதற்கு முந்தைய ஐரோப்பிய வீடுகளுக்குச் சரி. சென்னை வீட்டில் அலமாரியில் இருக்கும் பாட்டில் 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை அமுங்கிவிடும். 16 முதல் 18 டிகிரி போதும்; பிரான்ஸின் போஜொலே மாதிரி லேசான ரகத்துக்கு 13 கூடச் சரி. பிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம். ராத்திரி முழுக்க பிரிட்ஜில் கிடந்த பாட்டிலை அப்படியே ஊற்றினாலும் தப்புதான்: திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானினின் துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும்.

அடுத்தது, பெரிய ஊரின் பெயருக்காகக் காசு கொடுப்பது. பிரான்ஸின் புகழ்பெற்ற போர்தோ பகுதி ஒயினில் இருப்பதிலேயே மலிவானதைத் தேடுவதைவிட, அதே காசுக்கு ஸ்பெயினின் கலாதாயூத் பகுதி கர்னாச்சா திராட்சை ஒயினையோ இத்தாலியின் மோன்தெபுல்சியானோ தாப்ருட்ஸோவையோ வாங்கலாம்.

சிலியின் கார்மெனேர் திராட்சை ஒயின் எனக்கு மிகவும் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் ஃபிலோக்சரா பூச்சி போர்தோ தோட்டங்களை அழித்தபோது ஏறக்குறைய காணாமல் போன ரகம் அது. அதற்கு முன்பே சிலிக்குப் போன கொடிகள் அங்கே மெர்லோ என்ற வேறொரு ரகத்தின் பெயரிலேயே வளர்ந்துகொண்டிருந்தன. 1994இல்தான் ழான்-மிஷேல் புர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் அதை அடையாளம் கண்டார். மெர்லோவைவிட சில வாரம் தாமதமாகப் பழுக்கும் ரகம். இரண்டையும் ஒரே நேரத்தில் பறித்ததால் பச்சைக் குடைமிளகாய் வாசனை தூக்கலாக வந்தது. இன்றும் அந்த வாசனை லேசாக இருக்கும். ஒயின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். காரசாரமான மிளகாய் வறுவலோடு டானின் அதிகமுள்ள ஒயினைக் குடித்தால் வாய் எரியும், துவர்ப்பும் கூடும். காரத்துக்கு டானின் குறைந்த, சற்றே குளிர்ந்த போஜொலே நல்லது. கொழுப்புள்ள ஆட்டுக்கறிக்கு ஸ்பெயினின் ரியோகா ஒயின் பொருந்தும். கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மட்டுப்படுத்தும்.

கிளாஸை விளிம்புவரை நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி, முகர்ந்து பாருங்கள். ஒரு மிடறை இரண்டு, மூன்று விநாடி நாக்கில் வைத்திருந்துவிட்டு விழுங்குங்கள். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால் அது கார்க் கோளாறு, அதாவது கார்க் மூடியிலிருந்து ஒயினில் இறங்கிய நாற்றம். விலை உயர்ந்த பாட்டிலிலும் வரும். கடையில் மாற்றிக் கேளுங்கள். திருகுமூடியில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை, அதனால் திருகுமூடி போட்ட பாட்டிலை மட்டமாக நினைக்க வேண்டாம்.

இந்த விலை ஒயின்களைப் பல வருஷம் சேர்த்து வைப்பதிலும் பயனில்லை. பெரும்பாலானவை இரண்டு, மூன்று ஆண்டுகளில் குடிப்பதற்காகவே செய்யப்பட்டவை. திறந்த பாட்டிலை இறுக மூடி பிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மீதி இருந்தால், அப்புறம் என்ன, கறி வேக வைக்கும்போது ஊற்றிவிடலாம்.