திறந்த பலகை ஸ்பீக்கரா? துளையை நடுவில் வெட்டாதீர்கள்

பெட்டி இல்லாமல் ஒற்றைப் பிளைவுட் பலகையில் ஸ்பீக்கர் பொருத்துகிறவர்கள் துளையை நட்டநடுவில் வெட்டாமல் ஒரு பக்கமாகத் தள்ளி வெட்டுங்கள். 50 செ.மீ. அகலப் பலகையென்றால், துளையின் மையம் ஓர் ஓரத்திலிருந்து 19 செ.மீ., மற்றதிலிருந்து 31 செ.மீ. இருக்கட்டும், மேல் ஓரத்துக்கு வேறொரு தூரம் வையுங்கள். ஜோடிப் பலகையை இதற்குக் கண்ணாடிப் பிம்பமாக வெட்டுங்கள். பென்சில் கோடு இடம் மாறுகிறது, அவ்வளவுதான், காசு செலவில்லை.

ஸ்பீக்கர் கூம்பின் பின்புறம் கிளம்பும் ஒலி முன்னொலிக்கு நேரெதிரானது. அது பலகையின் ஓரங்களைச் சுற்றி முன்னே வருகிறது. எல்லா ஓரங்களும் 25 செ.மீ. தொலைவிலேயே இருந்தால், நேரெதிரே அமர்ந்து கேட்பவருக்கு ஏறத்தாழ 1,400 ஹெர்ட்ஸில் ஒலி வெகுவாக அமுங்கிவிடும். பாடகர் குரலின் தெளிவு அங்கேதான் அடிபடுகிறது. தூரங்கள் வேறுபட்டால் அந்தப் பள்ளம் பல அதிர்வெண்களில் சிதறி ஆழம் குறைந்துவிடும். அழகுக்காக நடுவில் வைப்பது காதுக்கு நல்லதே அல்ல.

கிராஸ்ஓவர் (அதிர்வெண்களைப் பிரித்தனுப்பும் சுற்று) வைத்து 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஒலிக்கவிடும் வூஃபருக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கருக்கு, இது தேவையில்லை, நடுவிலேயே வைக்கலாம். பெட்டி இல்லாததால் குறைந்துபோன பேஸையும் (தாழ்ந்த ஒலி) இது மீட்டுத் தராது. அதற்கு இன்னும் அகலமான பலகையோ, க்யூடிஎஸ் (Qts, கூம்பின் அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண்) மதிப்பு 0.7 அல்லது அதற்கு மேலுள்ள வூஃபரோதான் வேண்டும்.