டைம்ஷேர்: மேம்பாட்டாளரிடம் புதிதாக வாங்குவதா, மறுவிற்பனையில் வாங்குவதா?

பேரங்காடியில் நடந்துகொண்டிருக்கும்போது ஓர் இளைஞர் வந்து ஒரு சீட்டைச் சுரண்டச் சொல்வார். சுரண்டினால் பரிசு விழுந்திருக்கும். அதை வாங்க, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து ஒரு விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஆண்டுக்குச் சில இரவு ரிசோர்ட்டில் தங்கும் உரிமையை முன்கூட்டியே விற்கும் டைம்ஷேர், கோலாலம்பூரில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அறிமுகமாவது இப்படித்தான். விளக்கம் முடியும்போது பல ஆயிரம் ரிங்கிட் மதிப்புள்ள விடுமுறைக் கிளப் உறுப்பியத்தின் ஒப்பந்தம் மேசைமேல் இருக்கும். "இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை, அங்கள்" என்பார்கள்.

அதே போன்ற உறுப்பியங்களை முடா, கருசெல் போன்ற விளம்பர இணையத் தளங்களில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் மிகக் குறைந்த விலைக்கு விற்கப் போட்டிருப்பார்கள். அப்படியானால் கிளப்பை நடத்தும் மேம்பாட்டாளரிடம் புதிதாக வாங்குவதா, இவர்களிடம் மறுவிற்பனையில் வாங்குவதா? பெரும்பாலான குடும்பங்களுக்கு, வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், மறுவிற்பனைதான் சரி என்பது என் கருத்து. ஆனால் விலையை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. நான் சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படி 1: கையில் என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் நாட்டில் டைம்ஷேர் என்று விற்கப்படுவது பெரும்பாலும் வீடோ நிலமோ அல்ல. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு இத்தனை இரவு தங்கலாம் என்ற உரிமை மட்டுமே. காலம் முடிந்தால் உரிமையும் முடிந்துவிடும். "சொத்து", "முதலீடு", "பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்" என்று யாராவது சொன்னால், ஒப்பந்தத்தில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

இந்தத் திட்டங்களை மேற்பார்ப்பது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம். 2017 ஜனவரி 31 முதல் இவை 2016-ஆம் ஆண்டின் ஸ்கிம் கெப்பென்திங்ஙான் (Interest Schemes) சட்டத்தின் கீழ் வருகின்றன. திட்டம் பதிவு பெற்றிருக்க வேண்டும், உறுப்பினர்களின் நலனைக் காக்க ஓர் அறங்காவலர் இருக்க வேண்டும். கிளப்பின் பெயரையும் அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு, பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா, அறங்காவலர் யார் என்று எஸ்.எஸ்.எம்.மிடம் கேளுங்கள். புதிதோ பழையதோ, இந்த இடத்தில் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

படி 2: உங்கள் வீட்டு விடுமுறைப் பழக்கத்தை எழுதுங்கள்

கடந்த சில ஆண்டுகளில் குடும்பமாக எத்தனை இரவு ஹோட்டலில் தங்கினீர்கள், எந்த மாதத்தில், எத்தனை பேர்? ஒரு தாளில் எழுதினால் போதும். பாட்டி வீடு, தங்கை வீடு என்று தங்கிய நாள்களைச் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் நீங்கள் போவது பள்ளி விடுமுறையில்தான், தீபாவளியை ஒட்டித்தான், தைப்பூசத்துக்குப் பினாங்கு என்றால் அந்த வாரத்தில்தான். எல்லாரும் அறை கேட்கும் நாள்கள் அவை.

படி 3: ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

அவசரமே இல்லாமல் செய்ய வேண்டியது இது. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கற்பனை, உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய உறுப்பியம்: விலை 30,000 ரிங்கிட், 30 ஆண்டு, ஆண்டுக்கு 7 இரவு, பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 900 ரிங்கிட். விலையை 30 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,000. அத்துடன் 900 சேர்த்தால் 1,900. ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 271 ரிங்கிட்.

மறுவிற்பனை: விலை 4,000, பெயர் மாற்றக் கட்டணம் 600, மீதமிருப்பது 15 ஆண்டு, அதே 900 ரிங்கிட் பராமரிப்பு. ஓர் இரவுக்கு ஏறக்குறைய 172 ரிங்கிட்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் பராமரிப்புக் கட்டணம் 900-லேயே நிற்காது. அது ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறுகிறது என்று வைத்துப் பாருங்கள். 30 ஆண்டில் பராமரிப்புக்கு மட்டும் நீங்கள் கட்டுவது 50,000 ரிங்கிட்டைத் தாண்டும், அதாவது வாங்கிய விலையைவிட அதிகம். கடைசி ஆண்டின் பில் மட்டும் ஏறக்குறைய 2,800 ரிங்கிட். எல்லாம் சேர்த்தால் புதியதில் ஓர் இரவு 383 ரிங்கிட், பழையதில் 215 ரிங்கிட். ஏழு இரவில் நான்கைத்தான் பயன்படுத்தினீர்கள் என்றால் அது 670-ஆகவும் 377-ஆகவும் ஏறிவிடும்.

இப்போது அறை பதியும் தளமான அகோடாவில் அதே ரிசோர்ட்டையோ பக்கத்திலுள்ள இன்னொன்றையோ, நீங்கள் போகும் அதே வாரத்துக்குத் தேடுங்கள். போர்ட்டிக்சனோ கேமரன் மலையோ பத்து ஃபெரிங்கியோ, அங்கே வெளியாளுக்கு ஓர் இரவு 250 ரிங்கிட் என்றால், இந்த எடுத்துக்காட்டில் புதியதை வாங்க ஒரு காரணமும் இல்லை. நான்கு இரவு மட்டும் போகிறவருக்கு மறுவிற்பனைகூடக் கட்டுப்படியாகாது. வாங்காமல் இருப்பதும் ஒரு வழிதான். அதை எந்த விளக்கக் கூட்டத்திலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கிரெடிட் கார்டைத் தேய்த்து வாங்கிவிட்டுப் பாக்கி வைத்தால், வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. அதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: எந்தச் சலுகை பெயர் மாறும்போது கூட வராது என்று கேளுங்கள்

மறுவிற்பனையின் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கியவருக்குக் கிடைக்கும் சில வசதிகள், இரண்டாவதாக வாங்குபவருக்குக் கிடைக்காமல் போகலாம். கூடுதல் இரவுகள், உணவுத் தள்ளுபடி, மற்ற கிளைகளில் தங்கும் உரிமை, முன்கூட்டியே பதிவு செய்யும் சலுகை என்று அது எதுவாகவும் இருக்கலாம்.

வெளிநாட்டுப் பரிமாற்றத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் வாரத்தைக் கொடுத்துவிட்டு வேறு நாட்டில் ஒரு வாரம் வாங்கிக்கொள்ள உதவும் நிறுவனங்களில் பழையது 1974-இல் தொடங்கிய ஆர்.சி.ஐ., அடுத்தது 1976-இல் தொடங்கிய இன்டர்வெல் இன்டர்நேஷனல். இவற்றுக்குத் தனிச் சந்தா, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம். ஆர்.சி.ஐ. காலங்களைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்கிறது. சிவப்பு என்றால் கூட்டம் மிகுந்த காலம். நீலக் காலத்து வாரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதனால் பயன் குறைவு.

விற்பவரின் வாய்மொழியை நம்ப வேண்டாம். கிளப்புக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இந்த உறுப்பியம் என் பெயருக்கு மாறினால் எனக்கு எவையெல்லாம் கிடைக்கும், எவை கிடைக்காது, மாற்றக் கட்டணம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். அப்புறம் உறுப்பினர் சேவை எண்ணுக்கு அழைத்து, அடுத்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு அறை எப்போது பதிய வேண்டும் என்றும் விசாரியுங்கள். அந்த ஒரு பதிலிலேயே கிளப்பின் நிலைமை ஓரளவு புரிந்துவிடும்.

படி 5: மேம்பாட்டாளரிடம் வாங்குவது எப்போது சரி?

படி 4-இல் கைவிட்டுப்போகும் சலுகைதான் உங்களுக்கு முக்கியம் என்றால், அதைச் சேர்த்தும் படி 3-இன் கணக்கு ஒத்துவந்தால், புதிதாக வாங்கலாம். பாதுகாப்பும் கொஞ்சம் கூடுதல். மனம் மாறினால் ரத்து செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். தனிநபரிடம் வாங்கும்போது நீங்களாக எழுதிச் சேர்த்தால்தான் அப்படி ஓர் அவகாசம். நிறுவனத்தோடு சிக்கல் வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம். முடாவில் விற்ற தனிநபரை அங்கே கொண்டுபோக முடியாது.

அதற்காக அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் நகலை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்க மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

படி 6: மறுவிற்பனை என்றால் விற்பவரைச் சோதியுங்கள்

செந்தூலில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 1,500 ரிங்கிட்டுக்கு ஓர் உறுப்பியம் வந்தது. கணக்கு அறிக்கையைக் கேட்டுப் பார்த்தபோதுதான் பல ஆண்டுப் பராமரிப்புப் பாக்கியும், அதன்மேல் தாமத வட்டியும் நிற்பது தெரிந்தது. பாக்கி தீராமல் பெயர் மாற்ற மாட்டோம் என்று கிளப் சொல்லிவிட்டது. விற்பவரின் அவசரத்துக்கு அதுதான் காரணம். அதனால் பணம் பேசுவதற்கு முன்பே நான்கு தாள்களைக் கேளுங்கள்: மூல ஒப்பந்தம், உறுப்பினர் அட்டை, அண்மைய பராமரிப்பு ரசீது, பாக்கி இல்லை என்ற கிளப்பின் கடிதம்.

பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் காவல்துறையின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் வந்த எண் என்றால் காட்டிவிடும். பணத்தை மாற்றிய பிறகு மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.

இதோடு இன்னொரு வலையும் உண்டு. பின்னாளில் நீங்கள் விற்க நினைக்கும்போது, "உங்கள் உறுப்பியத்துக்கு ஆள் தயாராக இருக்கிறார், முதலில் நடைமுறைக் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவர் அழைப்பார். பல நாடுகளில் டைம்ஷேர் வைத்திருப்பவர்களை ஏமாற்றும் பழைய உத்தி இது. முன்பணம் கேட்டாலே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

படி 7: பெயர் மாற்றமும் பணமும்

முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். சிறிய முன்பணம், ரசீதோடு. விற்பவரும் நீங்களும் அடையாள அட்டையோடு கிளப் அலுவலகத்துக்குப் போய் மாற்றப் பாரத்தில் கையெழுத்திடுங்கள். பாக்கிக் கட்டணமும் மாற்றக் கட்டணமும் யார் பொறுப்பு, மாற்றம் நிராகரிக்கப்பட்டால் முன்பணம் எப்போது திரும்பும் என்று ஒரு பக்க உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் உறுதிக் கடிதம் வந்த பிறகு மீதியைக் கொடுங்கள். கடிதத்தில் மீதமுள்ள ஆண்டு, இரவுகளின் எண்ணிக்கை, அறை வகை மூன்றும் விற்பவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.