கல்லுக்கடியில் கிடக்கும் சிலந்தி எந்தக் குடும்பம்? நெல்லைச் சீமையில் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

வலை பின்னித் தொங்கும் சிலந்திகளைப் படம் எடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பகலெல்லாம் கல்லுக்கடியிலும் காவோலைக்கடியிலும் ஒதுங்கிக் கிடந்து, இருட்டியதும் வேட்டைக்குக் கிளம்பும் சிலந்திகளைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. இத்தனைக்கும் திருநெல்வேலிப் பக்கம் அவற்றுக்கு ஏற்ற இடம் நிறைய உண்டு. தாமிரபரணி பாயும் வயல், கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல், ராதாபுரம், நாங்குநேரிச் செம்மண், சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேடு, மேற்கே மலையடிவாரம் என்று ஒரே நாளில் சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள் மண் இத்தனை விதமாக மாறுகிறது. 1986ல் தூத்துக்குடியும் 2019ல் தென்காசியும் தனி மாவட்டம் ஆகிவிட்டாலும், பழைய நெல்லைச் சீமை முழுவதையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தரையில் ஓடும் சிலந்தி எல்லாம் ஒரே குடும்பம் கிடையாது. நிறத்தை வைத்துப் பிரிக்கவும் முடியாது, முக்கால்வாசி பழுப்பும் கறுப்பும்தான். கண்ணையும் பின்பக்கத்தையும் பார்க்கப் பழகிவிட்டால் குடும்பம் வரை நீங்களே சொல்லிவிடலாம்.

படி 1: தேவையான சாமான்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு டார்ச், மூடி தட்டையாக உள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் பஞ்சு, மெல்லிய பெயிண்ட் பிரஷ், நோட்டு. மொபைலில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. கல்லைப் புரட்டக் களைக்கொத்தி ஒன்று. காலில் ஷூ கட்டாயம், செருப்பு வேண்டாம்.

படி 2: எப்போது, எங்கே தேடுவது

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் நிற்கும் காலம், அதாவது மார்கழியும் தையும், தொடங்குவதற்கு வசதி. கோடையில் பல இனங்கள் வெடிப்புகளுக்குள் ஆழமாகப் போய்விடும், தேடி அலுத்துப்போவீர்கள்.

முதல் இடம் உங்கள் வீட்டுப் பின்புறமே. அடுக்கி வைத்த செங்கல், விறகு, பழைய ஓடு, தொழுவத்துச் சுவரோரம் எல்லாம் பாருங்கள். அடுத்து ஊருக்கு வெளியே பொத்தையின், அதாவது சிறு பாறைக்குன்றின், அடிவாரம். அங்கே மண்ணில் பாதி புதைந்து, அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி உள்ள தட்டைக் கற்கள்தான் வேண்டும். உருண்டைக் கல்லுக்கடியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பனை விளையில் விழுந்து கிடக்கும் காவோலையும் மட்டையும், உடைமரத்தின் உரிந்த பட்டையும் நல்ல இடங்கள். கரிசலில் வெடிப்பின் ஓரமாக இரவில் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

காட்டுக்குள் வேண்டாம். களக்காடு முண்டந்துறை 1988லிருந்து புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கல்லைப் புரட்டுவதும் உயிரைப் பிடிப்பதும் குற்றம். தொடங்குபவருக்கு ஊரும் விளையும் வயலும் போதும்.

படி 3: கல்லைப் புரட்டும் முறை

இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். நம் பக்கத்துக் கற்களுக்கடியில் சிலந்தியோடு செந்தேள் இருக்கும், பூரான் இருக்கும், சுருட்டை விரியனும் இருக்கும். கைவிரலைக் கல்லுக்கடியில் விடவே கூடாது. களைக்கொத்தியின் நுனியைக் கல்லின் எதிர்ப்பக்க விளிம்பில் மாட்டி, உங்களை நோக்கி இழுத்துச் சாயுங்கள். அப்போது கல்லே உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் மறைப்பாக நிற்கும். ஐந்து விநாடி பொறுத்து, பக்கவாட்டிலிருந்து எட்டிப் பாருங்கள்.

மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கல்லின் அடிப்புறத்தைப் பாருங்கள். தரைச்சிலந்திகள் பல அங்கேதான் வெள்ளையாக ஒரு பட்டு உறை கட்டிக்கொண்டு பகலைக் கழிக்கும். தாள் மாதிரி தட்டையாக ஒட்டியிருக்கும் முட்டைப் பையும் அங்கே கண்ணில் படலாம். உறை இருந்தால் அதைக் கிழிக்காமல் படம் எடுத்துவிட்டு, கல்லை எப்படி இருந்ததோ அப்படியே, அதே பக்கமாக வைத்துவிடுங்கள். புரட்டிப் போட்டுவிட்டு வந்தால் அடியிலிருந்த ஈரம் ஒரே பகலில் காய்ந்துவிடும், அதை நம்பி இருந்த உயிர்கள் எல்லாம் போய்விடும்.

முதல் முறை நான் இப்படிக் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் அண்ணாச்சி ஒருவர் நின்று, "என்னடே தேடுத?" என்றார். "சிலந்தி பாக்கேன் அண்ணாச்சி" என்றேன். "அதுக்கு ஏன் கல்லப் பொறட்டுத, ராத்திரி வா. வயக்காட்டுல டார்ச் அடிச்சா வைரம் கொட்டுன மாதிரி மின்னும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் அடுத்த படி.

படி 4: இரவில் கண்ணொளி பார்ப்பது

டார்ச்சை இடுப்பளவில் பிடிக்காமல், நெற்றிப் பக்கம், கண்ணுக்குச் சமமாகப் பிடித்து வரப்பில் அடியுங்கள். பச்சையும் நீலமுமாகப் புள்ளி புள்ளியாகத் திரும்பி மின்னுவதில் பெரும்பாலானவை ஓநாய்ச்சிலந்திகள், லைகோசிடே குடும்பம். கண்ணின் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் அப்படித் தெரிகிறது. ஒரு புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல் நெருங்கினால் சிலந்தி கிடைத்துவிடும்.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண்பது எளிது. எட்டுக் கண்ணும் மூன்று வரிசை: முன்னால் நான்கு சின்னக் கண், அதற்கு மேலே இரண்டு பெரிய கண், பின்னால் தலைக்கு மேல் இரண்டு. தாய் தன் முட்டைப் பையை வயிற்று நுனியில் நூல் வெளிவரும் நூற்பு உறுப்பில் ஒட்டி இழுத்துக்கொண்டே திரியும், குஞ்சு பொரிந்ததும் அவ்வளவையும் வயிற்றின் மேல் சுமக்கும். இப்படிச் சுமக்கும் சிலந்தியைப் பார்த்தால் வேறு யோசனையே வேண்டாம்.

கார், பிசானம் இரண்டு போகத்திலும் நெல் வயலில் இவை வேலை செய்கின்றன. பார்டோசா சூடோஅனுலேட்டா என்ற ஓநாய்ச்சிலந்தி நெற்பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்பதில் பேர் பெற்றது. கண்டபடி மருந்தடித்து இவற்றைக் கொன்றுவிட்டால் புகையான் திரும்பப் பெருகுகிறது என்பது ஆசிய நெல் ஆராய்ச்சியில் பலமுறை உறுதியானது. வரப்புப் புல்லில் பனி கோத்து, நடுவில் குழாய் மாதிரிப் பொந்து வைத்த படுதா வலை தெரிந்தால் அது ஹிப்பாசா. ஓநாய்ச்சிலந்திக் குடும்பத்திலேயே வலை கட்டும் பேரினம் அது, பார்த்துக் குழம்ப வேண்டாம்.

படி 5: தாடையைப் பார்த்து முதல் பிரிவு

பிடித்த சிலந்தியை டப்பாவில் விட்டு, கொடுக்கு போன்ற தாடைகள் எப்படி அசைகின்றன என்று பாருங்கள். இரண்டும் இணையாகக் கீழ்நோக்கிக் குத்தினால் அது மைகலோமார்ஃபே என்ற பழைய பிரிவு. ஓடைக்கரையின் செங்குத்தான மண்வெட்டில், மண்ணும் பட்டும் குழைத்த மூடி போட்டுப் பொந்துக்குள் வாழும் பொறிக்கதவுச் சிலந்தி இந்தப் பக்கம். மூடி மூடியிருந்தால் தரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. உடல் முழுக்க முடியோடு பெரிதாக இருக்கும் டரான்டுலாக்களும் இதில்தான் வரும். இரண்டு தாடையும் ஒன்றையொன்று நோக்கிக் குறுக்கே மூடினால் அரேனியோமார்ஃபே. நாம் பார்க்கும் சிலந்திகளில் பெரும்பகுதி இதுதான், இனி எல்லாம் இதற்குள்தான்.

படி 6: பின்பக்கத்தைப் பார்ப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. டப்பாவில் சிலந்தியை விட்டு, மேலே பஞ்சை மெதுவாக இறக்கி, டப்பாவின் அடித்தட்டோடு அது அசையாமல் நிற்கும் வரை மட்டும் அழுத்துங்கள். நசுக்கக் கூடாது. டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். வயிற்றின் நுனியில் நூல் வெளிவரும் நூற்பு உறுப்புகள் தெரியும்.

முன் இணை மட்டும் நீளமாக, மேலும் கீழும் ஒரே பருமனில் உருளையாக, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால் உங்கள் கையில் இருப்பது நாஃபோசிடே, அசல் தரைச்சிலந்திக் குடும்பம். நன்றாக வளர்ந்த ஒன்றில் மேலிருந்து பார்த்தாலே இரண்டு முளைகள் வயிற்றைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். முன் இணை கூம்பாக, நெருக்கமாக இருந்தால் அது இலைச்சுருளில் வாழும் குளுபியோனிடே போன்ற பைச்சிலந்திகளில் ஒன்றாக இருக்கலாம். முன் இணை மட்டும் பெரிதாகி, மற்றவை சுருங்கியோ இல்லாமலோ இருந்தால் எறும்பு தின்னும் ஜோடாரிடே.

அப்புறம் கண். நாஃபோசிடேக்கு எட்டுக் கண்ணும் இரண்டு வரிசை. பின்வரிசையின் நடுக்கண் இரண்டும் பல இனங்களில் வட்டமாக இருக்காது. தட்டையாக, சாய்ந்து, வெள்ளிபோலப் பளபளக்கும். இந்தக் கண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். டிராசோடஸ் என்ற பேரினத்தில் இந்த இரண்டு கண்ணும் உருவத்தைப் பார்க்க அல்ல, அந்தியில் வானத்தின் முனைவுற்ற ஒளியை (ஒரே திசையில் அதிரும் ஒளியை) உணர்ந்து திசை அறிய உதவுகின்றன என்று 1999ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேட்டைக்குப் போன சிலந்தி தன் உறைக்குத் திரும்ப வழி பார்ப்பது அதை வைத்துத்தான். பத்து மில்லிமீட்டர் உடம்புக்குள் ஒரு திசைகாட்டி!

அந்த நீண்ட நூற்பு உறுப்புக்கும் வேலை உண்டு. மற்றச் சிலந்திகளில் நூலைத் தரையில் ஒட்ட மட்டும் பயன்படும் பசைப்பட்டு, இந்தக் குடும்பத்தில் ஆயுதம். தன்னைவிடப் பெரிய இரையையும், ஏன் வேறு சிலந்தியையும், சுற்றி ஓடிக் கால்களிலும் வாயிலும் பசைப்பட்டை இழுத்துக் கட்டிவிட்டு அப்புறம்தான் கடிக்கும். வலையே கட்டாத சிலந்திக்கு இவ்வளவு பெரிய நூற்பு உறுப்பு எதற்கு என்று தோன்றினால் விடை இதுதான்.

படி 7: குடும்பத்துக்குள் போவது

இங்கே நிதானம் தேவை. உலகச் சிலந்திகளின் இன எண்ணிக்கை 2022ல் 50,000ஐத் தாண்டியது. அதில் நாஃபோசிடே மட்டும் 2,400க்கு மேல். நாஃபோசா என்ற பேரினத்தை 1804ல் பெயரிட்டவர் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரெய். இந்தியத் தரைச்சிலந்திகளை விரிவாகத் தொகுத்தவர் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் பி.கே. திக்கதர், 1982ல். குடும்பத்தின் எல்லைகளும் இன்னும் நகர்கின்றன. புரோடிடோமிடே என்ற குடும்பத்தை 2018ல் இதற்குள் சேர்த்தார்கள், 2022ல் மறுபடி தனியாகப் பிரித்தார்கள்.

பேரினங்களில் தொடங்குபவர் தெரிந்துகொள்ளச் சில. கறுப்பாக மினுங்கி, தொட்டதும் விசுக்கென்று ஓடி மறையும் ஜெலோட்டஸ். இதற்கு மூன்றாம், நான்காம் கால்களில், பாதத்துக்கு முந்தைய கணுவின் நுனியில், முடியாலான ஒரு சீப்பு உண்டு, மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். எலி நிறத்தில் பட்டுப்போன்ற முடியோடு மரப்பட்டையிலும் சுவரிலும் இருக்கும் ஸ்கோட்டோஃபியஸ். எறும்பின் கூட்டத்துக்குள் போய், எறும்பின் உணர்கொம்பு தொடங்கும் இடத்தில் கடித்து அதைத் திசை தெரியாமல் சுற்றவிடும் காலிலெப்பிஸ். எறும்பு மாதிரியே தோற்றம் கொண்டு பகலில் ஓடும் மைக்காரியா. இவை எல்லாம் இந்தியாவிலிருந்து பதிவான பேரினங்கள்தான். ஆனால் உங்கள் படத்தை மட்டும் வைத்து இது இன்ன பேரினம் என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

இன்ன இனம் என்று சொல்ல வளர்ந்த சிலந்தி வேண்டும். முகத்துக்குப் பக்கத்துக் குட்டிக் கால்களின் நுனி வீங்கியிருந்தால் வளர்ந்த ஆண். வயிற்றின் அடியில், முன்பக்கம், கெட்டியான ஒரு சின்னத் தகடு தெரிந்தால் வளர்ந்த பெண். அந்த உறுப்புகளின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். குஞ்சு என்றால் "நாஃபோசிடே, வளராதது" என்று எழுதி நிறுத்திவிடுவதே நேர்மை.

படி 8: கடிக்குமா?

வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். சிலந்தி ஊர்ந்து போனால் கொப்புளம் வரும், அக்கி வரும் என்று ஆச்சிமார் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம். அக்கி வைரஸால் வருவது, சின்னம்மை வைரஸ் உடலில் ஒளிந்திருந்து கிளம்புவது. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வந்து தோலில் நசுங்கும் பேடரஸ் வண்டின் சாறு பட்டாலும் எரிச்சலோடு கோடு கோடாகக் கொப்புளம் வரும். இரண்டுக்கும் பழி சிலந்தி மேல். தரைச்சிலந்திகள் மனிதனுக்கு ஆபத்தானவை அல்ல. ஆனாலும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், பிரஷால் தள்ளி டப்பாவில் விடுங்கள். பெரும்பாலும் கையால் பிடிக்கும்போது கால் முறிவது அதற்குத்தான்.

படி 9: பதிவு

ஒவ்வொரு சிலந்திக்கும் நான்கு படம்: மேலிருந்து, முகம், அடிப்பக்கத்து நூற்பு உறுப்பு, கிடைத்த இடம். நோட்டில் இப்படி எழுதுங்கள்: "தை முதல் வாரம், இரவு 8 மணி, பனை விளை, செம்மண், காவோலைக்கடியில், பட்டு உறைக்குள், ஒன்று, பெண்." வெறும் "திருநெல்வேலி" என்று எழுதினால் யாருக்கும் பயன்படாது. ஊர்ப்பெயரும் மண்ணும் வேண்டும். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் சரிபார்ப்பார்கள், ஆனால் நூற்பு உறுப்புப் படம் இல்லாவிட்டால் அவர்களாலும் பல சமயம் "சிலந்தி" என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

படம் முடிந்ததும் எடுத்த இடத்திலேயே, எடுத்த கல்லுக்குப் பக்கத்தில் விடுங்கள். கல்லை முதலில் கீழே வைத்துவிட்டு, சிலந்தியை அதன் ஓரத்தில் விட்டால் அதுவாகவே உள்ளே போய்விடும். மாற்றிச் செய்தால் கல் அதன் மேலேயே விழும்.