பசங்களுக்கு கேரம் கத்துக்குடுக்கப் போறீங்களா? ஃபைன்ல இருந்து ஆரம்பிங்க

எங்க வடசென்னைல சாயங்காலமானா எந்த சந்துக்குள்ள போனாலும் காய் மோதுற சத்தம் கேக்கும். 1991லயும் 1995லயும் உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், அப்புறம் அதே மாதிரி உலக சாம்பியனான வியாசர்பாடி இளவழகி, 2024ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல மூணு தங்கம் அடிச்ச ஆட்டோக்காரர் பொண்ணு காசிமா, இப்படி நம்ம ஊருக்கும் கேரமுக்கும் பெரிய உறவு இருக்கு, அதனால வீட்ல பசங்க இருந்தா ஒரு போர்டு வாங்கிப் போடுங்க.

போர்டை தரைல போட்டு குனிஞ்சு ஆட விடாதீங்க, ரெண்டடிக்கு கொஞ்சம் மேல ஒரு ஸ்டூல் மேல வச்சு, லைட் நேரா போர்டு நடுவுல விழுற மாதிரி பாத்துக்கோங்க. பவுடர் ஒரு சிட்டிகை போதும், பசங்க டப்பாவையே கவுத்துருவாங்க, மெல்லிசு துணியால ஒரு தடவ துடைச்சு விட்டுருங்க.

முதல் வாரம் மேட்சே வேணாம். ஒரே ஒரு காயை பாக்கெட் வாசல்ல வச்சு மெதுவா சுண்ட சொல்லுங்க, வேகமா அடிச்சா தான் விழும்னு எல்லா பிள்ளைங்களும் நினைக்குதுங்க, மெதுவா தட்டினா காய் விழுறத அவங்களே பாக்கட்டும், நாம சொன்னா ஏறாது. அப்புறம் கட், அதாவது காயோட ஓரத்துல அடிச்சு சாய்வா போக வைக்கிறது, அப்புறம் ரீபவுண்ட், அதாவது ஓரக்கட்டைல மோதி திரும்பி வர வைக்கிறது.

ஆட ஆரம்பிச்சதும் ரூல்ல தள்ளுபடி பண்ணாதீங்க. ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அது நம்ம முன்னாடி இருக்கிற ரெண்டு கோடுகளையும் தொடணும், ஸ்ட்ரைக்கர் பாக்கெட்ல விழுந்தா ஃபைன், போட்ட காய் ஒண்ணு திரும்ப நடுவுக்கு வரணும். ரெட் போட்டா அடுத்த அடிலயே ஃபாலோ, அதாவது நம்ம காய் ஒண்ணையும் போடணும், இல்லனா ரெட்டும் திரும்ப வந்துரும், சந்தோஷத்துல அவசரப்பட்டா கைல வந்தது போயிரும்ங்கிறது பசங்களுக்கு இதுல தான் நல்லா புரியுது.

எல்லாத்தையும் விட முக்கியமா நான் நினைக்கிறது, ஃபைனை நீங்க கண்டுபிடிச்சு சொல்லாதீங்க, அவங்களே சொல்லட்டும். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, ஒரு நாள் நான் கேஸ் அணைக்க உள்ள போன நேரம் அவ சட்டைக்கை பட்டு ஒரு கறுப்பு காய் நகந்துருச்சு, அதுவும் தப்பாட்டம் தான், திரும்பி வந்து பாத்தா எனக்கு எதுவும் தெரியல, அவ மட்டும் உதட்டை கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, கொஞ்ச நேரம் கழிச்சு விரலால அந்த காயை பழைய இடத்துக்கு தள்ளிட்டு "அம்மா, என் கை பட்டுச்சு"ன்னா. நான் "சரிம்மா, உன் டர்ன் முடிஞ்சுது"ன்னு மட்டும் சொல்லி ஸ்ட்ரைக்கரை வாங்கிக்கிட்டேன். அந்த இடத்துல ஆஹா ஓஹோன்னு புகழ்ந்துறாதீங்க, நேர்மையா இருக்கிறது சாதாரண விஷயமாவே இருக்கணும்.

வேணும்னு தோத்துக் குடுக்கவும் வேணாம், பிள்ளைங்களுக்கு அது நல்லாவே தெரிஞ்சிரும். ரொம்ப சின்ன பிள்ளைன்னா ஆரம்பத்துலயே அவங்க காய் மூணை எடுத்துட்டு எட்டு போர்டும், அதாவது எட்டு ரவுண்டும் முழுசா ஆடுங்க. தோத்து அழுதா அழட்டும், அன்னைக்கே இன்னொரு மேட்ச் மட்டும் வேணாம்.

ஆட்டம் முடிஞ்சதும் காய் பத்தொன்பதையும் ஸ்ட்ரைக்கரையும் யார் தோத்தாலும் ரெண்டு பேரும் சேந்து எண்ணி டப்பால போடுங்க, போர்டை துடைச்சு நிக்க வைங்க. ஐப்பசி கார்த்திகை மழைல மட்டும் செவுத்துல சாத்தாதீங்க, ஈரம் ஏறி பலகை வளைஞ்சிரும்.