கரண்ட் போனால் காரிலிருந்து: மின்சார காரை வீட்டுக்கு பேக்அப் ஆக்கும் முறை

மதுரையில் மாதாந்திரப் பராமரிப்பு என்று துணைமின் நிலையத்தின் பெயர் பேப்பரில் வந்துவிட்டால், காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1.8 யூனிட். மூன்று ஃபேன், நாலு லைட், ஒரு டிவி ஓடினால் மத்தியானத்துக்குள் கீச்சிட ஆரம்பித்துவிடும். வாசலில் நிற்கும் நெக்ஸான் ஈவி லாங் ரேஞ்சின் பேட்டரியோ 40.5 யூனிட். கரண்டுக்குக் குறைவில்லை. அதை வீட்டுக்குள் எந்த வழியாகக் கொண்டுவருவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் உங்கள் காரில் வி2எல் (V2L), அதாவது கார் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கரண்டை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் வந்த புது நெக்ஸான் ஈவி 3.3 கேவிஏ வரை தரும். பிஒய்டி ஆட்டோ 3-உம் ஏறக்குறைய அதே அளவு. ஹூண்டாய் ஐயோனிக் 5, 3.6 கிலோவாட். ஒரே மாடலிலும் எல்லா வேரியன்ட்டிலும் இந்த வசதி இருக்காது. மேனுவலில் பார்த்து உறுதி செய்யுங்கள். அடாப்டரை கார் கம்பெனியிடமே வாங்குவது நல்லது. அடாப்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டரின் அளவை வைத்துத்தான் "இது சார்ஜர் இல்லை, கரண்ட் வெளியே விடு" என்று கார் புரிந்துகொள்கிறது. அந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆன்லைனில் மலிவாக வாங்கியது ஒரு காரில் ஓடும், இன்னொன்றில் எரர் காட்டும்.

இனி கணக்கு. 3.3 கேவிஏ என்றால் 230 வோல்ட்டில் சுமார் 14 ஆம்பியர். மணிக்கணக்கில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் 2.5 கிலோவாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட், டிவி 90, வைஃபை 15, பிரிட்ஜ் ஓடும்போது 100 முதல் 150. எல்லாம் சேர்த்து சராசரி 450 வாட் என்று வையுங்கள். கார் விழித்திருக்கத் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவதில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து ஒரு 200 வாட். எட்டு மணி நேரத்துக்கு சுமார் 5 யூனிட். 40.5-இல் அது 13 சதவீதம். உசிலம்பட்டிக்கு ஒருவழி போகிற தூரத்துக்கான கரண்ட், அவ்வளவுதான். காரின் திரையில் டிஸ்சார்ஜ் எல்லையை 40 சதவீதத்தில் வைத்துவிட்டால் ராத்திரி அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் மிச்சம் இருக்கும்.

இதில் ஓடாதது எது? 1 எச்பி போர்வெல் மோட்டார். ஓடும்போது 1100 வாட்தான், ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு இழுக்கும்; வி2எல் உடனே கட் ஆகிவிடும். 9 மணிக்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுங்கள். த்ரீ பேஸ் மோட்டாருக்கு இதில் இடமே இல்லை, வெளியே வருவது சிங்கிள் பேஸ். கீசரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் சேர்த்துப் போட முடியாது. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக ஏறும் வகை என்பதால் பெரும்பாலும் ஓடும். அதோடு மிக்சியைப் போடாமல் இருந்தால் சரி.

இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரைச் செய்து சுவர் சாக்கெட்டில் செருகும் வேலையை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் கார் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக மாறும். லைன் செத்துவிட்டது என்று நம்பி கம்பத்தில் ஏறியிருப்பவர் மேல் அது பாயும். அதற்குள் ஈபி கரண்ட் வந்துவிட்டால் இரண்டும் மோதி காருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் போகும். மெயினை அணைத்துவிட்டுத்தானே செய்கிறேன் என்பது பதில் ஆகாது. வீட்டில் இன்னொருவர் மெயினைப் போட ஒரு நொடி போதும்.

எளிமையான வழி, காரிலிருந்து நேராக எக்ஸ்டென்ஷன் இழுப்பது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று கோர், 16 ஆம்ப் பிளக். 20 மீட்டருக்கு முழு லோடில் 5 வோல்ட் இறங்கும், பாதகமில்லை. அதைத் தாண்டினால் 4 சதுர மில்லிமீட்டர். வயர் சுருளை முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுற்றியபடியே 14 ஆம்பியர் ஓட்டினால் நடுவில் உருகும். மாசி வீதிப் பக்கத்துச் சந்துகளில் கார் வீட்டு வாசல் வரை வராது. தெருவின் குறுக்கே வயரைப் போட்டு பைக் ஏற விடுவதற்கு இந்த முறையே வேண்டாம் என்று இருந்துவிடலாம்.

ஏற்கெனவே இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்கு எங்கள் சிபாரிசு வேறு. இன்வெர்ட்டரின் மெயின்ஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, காரிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். லைட், ஃபேன் வயரிங் அப்படியே இருக்கும், பேட்டரியும் சார்ஜ் ஆகும். யாராவது காரை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடை வரை போய்வந்தால் வீட்டுக்குள் ஒரு லைட் கூடச் சிமிட்டாது. பிரிட்ஜ் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. அதற்கு அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து தனி வயர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம்மூர் வயரிங்கில் இன்வெர்ட்டருக்கு பேஸ் மட்டும் தனியாக இழுத்து, நியூட்ரலை ஈபி நியூட்ரலோடு பொதுவாக விட்டிருப்பார்கள். அப்போது காரின் ஒரு முனை ஈபி நியூட்ரலோடு சேர்ந்து, அது வழியாக எர்த்தையும் தொடும். சில கார்கள் இதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்திவிடும். மெயின் சுவிட்ச் டபுள் போல், அதாவது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது என்றால், அதை ஆஃப் செய்துவிட்டுப் பிறகு காரைப் போடுங்கள். பழைய கிட்கேட் பியூஸ் வீடுகளில் நியூட்ரல் துண்டாகாது. அங்கே முதலில் மெயினை மாற்ற வேண்டும். மெயின் ஆஃபில் இருக்கும்போது கரண்ட் வந்தது எப்படித் தெரியும் என்றால், மெயினுக்கு முன்னால் இருக்கும் மீட்டரின் டிஸ்ப்ளே எரியும்.

நிரந்தர ஏற்பாடு வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து, அவசியமான லைன்களை மட்டும் ஒரு சின்ன டிபி பாக்ஸுக்கு (லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிரித்து, ஈபியா காரா என்று மாற்றும், நடுவில் ஆஃப் நிலை உள்ள 32 ஆம்ப் டபுள் போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். த்ரீ பேஸ் வீடானாலும் இந்த லைன்கள் ஒரே பேஸில் இருந்தால் டபுள் போலே போதும். கார் பக்கத்தில், லோடு மிஞ்சினால் தானாக விழும் 16 ஆம்ப் டபுள் போல் எம்சிபி. போர்டிகோ சுவரில், மழை படாத இடத்தில், ஆண் ஊசிகள் சுவர்ப் பக்கம் இருக்கும் நீல நிற இண்டஸ்ட்ரியல் இன்லெட். கேபிளின் பச்சை வயர் வீட்டு எர்த்தோடு சேர வேண்டும்.

ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழுந்து ஷாக்கிலிருந்து காக்கும் சுவிட்ச் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பல கார்களின் வி2எல் கரண்டில் நியூட்ரல், எர்த்தோடு இணைந்திருக்காது. அப்போது பேஸ் எர்த்தைத் தொட்டாலும் ஆர்சிசிபி விழாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் விழும், ஏனென்றால் அந்தப் பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை. பட்டன் வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வயர்மேனிடம் ஆர்சிசிபி டெஸ்டரை பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலை எர்த்தோடு இணைக்கலாமா என்பதைக் கார் மேனுவலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சில கார்கள் அதையும் கசிவு என்றே கருதும்.

மாடியில் ஆன்கிரிட் சோலார் (ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் வகை) இருந்தால் அது சேஞ்ச்ஓவரின் ஈபி பக்கத்திலேயே இருக்கட்டும். கார் பக்கம் வந்துவிட்டால், கார் தரும் 230 வோல்ட்டைப் பார்த்து ஈபி வந்துவிட்டதாக நினைத்து, சில நிமிடத்தில் அதுவும் ஓட ஆரம்பித்து, மிச்சக் கரண்டைக் காருக்குள் தள்ளும். வி2எல் அதை வாங்கிக்கொள்ளக் கட்டியது அல்ல.

போடும் வரிசை: எம்சிபிகள் எல்லாம் ஆஃப், சேஞ்ச்ஓவர் நடுவில், கேபிளையும் அடாப்டரையும் மாட்டி, காரின் திரையில் வி2எல் ஆன். வோல்ட்டேஜ் 220-க்கும் 235-க்கும் இடையில் இருக்கிறதா பாருங்கள். பிறகு சேஞ்ச்ஓவரைக் கார் பக்கம் திருப்பி, முதலில் பிரிட்ஜ், அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக. கரண்ட் வந்ததும் அவசரப்படாதீர்கள். வந்த கரண்ட் இரண்டு முறை போய்வந்து நிலைக்கும். பத்து நிமிடம் பொறுத்து, லோடை அணைத்து, ஈபிக்கு மாற்றி, திரையில் வி2எல்லை நிறுத்திவிட்டு அதற்குப் பிறகே அடாப்டரை உருவுங்கள். லோடோடு உருவினால் பொறி பறந்து ஊசிகள் கருகும்.

முதல் தடவை ஓட்டும்போது ஒரு மணி நேரம் கழித்து பிளக்கையும் சாக்கெட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றாலோ, சாக்கெட் ஓட்டையின் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. இறுக்கிப் பயனில்லை, சாக்கெட்டையே மாற்றுங்கள்.